மூன்று வழக்கறிஞர்களும் ஒரு நாற்காலியும்: இல்லினாய் பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன்: டிக்சன்

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. புளூமிங்டன் சின்ன ஊர்தான். பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தலைமையகம் இங்கே இருப்பதால் நம்மவர்கள் நிறைய. மாலையில் நடக்கப் போனால் நான்கு பேராவது தமிழில் நலம் விசாரிப்பார்கள். ஊரைத் தாண்டினால் மக்காச்சோளம், அதைத் தாண்டினால் சோயா, அதையும் தாண்டினால் மறுபடி மக்காச்சோளம். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவனுக்கு வேடிக்கை பார்க்க இது போதாது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு நூலகம் போன இடத்தில் லிங்கன் அகப்பட்டார்.

லிங்கனைப் பற்றிச் சொல்ல இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க அவரைவிட அவரோடு ஒரே தொகுதிக்கு ஆசைப்பட்ட இரண்டு பேர் மனதில் ஒட்டிக்கொண்டார்கள். ஜான் ஹார்டின், எட்வர்ட் பேக்கர். மூவரும் வழக்கறிஞர்கள். மூவரும் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர்கள். மூவர் பெயருக்கு முன்னாலும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு படைப் பதவி ஒட்டியிருந்தது. மூவருக்கும் நாடாளுமன்ற உறுப்பினராகி வாஷிங்டன் போக ஆசை. நாற்காலி ஒன்று.

மாப்பிள்ளைக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. “மாமா, நயாகரா போகலாமா?” என்றார். நான் டிக்சன் என்றேன். அவர் முகத்தில் ஒரு நொடி தெரிந்த ஏமாற்றத்தை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

டிக்சன் புளூமிங்டனுக்கு வடக்கே சுமார் நூறு மைல். ராக் ஆறு ஊருக்கு நடுவே போகிறது. ஆற்றங்கரையில் வெண்கலத்தில் ஓர் இளைஞன் நிற்கிறான். தாடி இல்லை, உயரமான தொப்பி இல்லை. பலகையைப் படிக்காவிட்டால் யாரென்று தெரியாது. 1930-ல் லியனார்டு குருனெல் என்ற சிற்பி செய்த கேப்டன் லிங்கன். வயது இருபத்து மூன்று.

1832 ஏப்ரலில் பிளாக் ஹாக் என்ற, சாக் எனும் பூர்வகுடி இனத்தின் தலைவர், ஏறத்தாழ ஆயிரம் பேருடன் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து கிழக்கே வந்தார். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும் உண்டு. 1804-ல் சில பேர் கைநாட்டு வைத்த ஓர் ஒப்பந்தத்தால் பறிபோன தங்கள் ஊருக்குத்தான் திரும்பினார்கள். இல்லினாய் ஆளுநர் ஊர்ப்படையைக் கூப்பிட்டார். மிலிஷியா என்று பெயர். சம்பளப் பட்டாளம் அல்ல, உழுதுகொண்டிருந்தவர்கள் துப்பாக்கியோடு வந்து சேர்வது. அதன் வழக்கப்படி கேப்டனைப் படையாட்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வேட்பாளர்கள் இருவர்: மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த கிர்க்பாட்ரிக், நொடித்துப்போய்க்கொண்டிருந்த ஒரு கடையில் வேலை பார்த்த லிங்கன். இருவரும் திடலில் தனித்தனியே போய் நின்றார்கள். யார் யாருக்கு யார் வேண்டுமோ அவர் பக்கம் போய் நிற்க வேண்டும். முக்கால்வாசிக்கு மேல் லிங்கன் பக்கம் போனார்கள். எட்டு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் நான். அட்டைத் தடுப்பு, அரக்கு, மை, முகவர்களின் கையெழுத்து என்று எத்தனை ஏற்பாடு! இவர்களுக்கு ஒரு திடல் போதுமாக இருந்தது. ரகசியம் மட்டும் இல்லை. தோற்ற ஆலைக்காரரிடம் மறுநாள் பலகை வாங்கப் போனவன் என்ன முகத்தோடு போனானோ.

1859-ல், அதாவது நான்கு முறை சட்டமன்றத்துக்கும் ஒரு முறை நாடாளுமன்றத்துக்கும் போய் வந்த பிறகு, தன்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார் லிங்கன். கேப்டனாகத் தேர்வானதைவிட மகிழ்ச்சி தந்த வெற்றி அதன்பின் எதுவுமில்லை என்கிறார் அதில். இந்த வரியை முதலில் படித்தபோது அரசியல்வாதியின் தன்னடக்கம் என்று ஒதுக்கிவிட்டேன். இன்று அந்தச் சிலைக்குக் கீழே நின்றபோது உண்மையாகவே இருக்கலாம் என்று தோன்றியது.

கேப்டனுக்குப் படைப் பயிற்சி கிடையாது. ஆட்களை அகலமாக அணிவகுத்து நடத்திக்கொண்டு போகும்போது குறுக்கே ஒரு வேலிக்கதவு வந்துவிட்டதாம். அணியை நீளவாக்கில் திருப்பும் ஆணை நினைவுக்கு வரவில்லை. “இந்தக் கம்பெனி இரண்டு நிமிடம் கலைக்கப்படுகிறது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அணிவகுக்கும்” என்று சத்தம் போட்டாராம். அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை என்கிறார்கள்.

முப்பது நாள் முடிந்து கம்பெனி கலைந்ததும் சாதாரணச் சிப்பாயாக மறுபடி சேர்ந்தார். அப்போது அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய ராணுவ லெப்டினன்ட் ராபர்ட் ஆண்டர்சன். 1861-ல் சம்டர் கோட்டையில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகளை வாங்கிக்கொண்டவர் இவரே. அதே பிளாக் ஹாக் போரில் கர்னலாக இருந்த சக்கரி டெய்லர் பின்னாளில் ஜனாதிபதி ஆனார். பெரிய பெயர்களுக்குச் சின்னப் போர்.

சின்னப் போர் என்று எழுதிவிட்டேன். மாலையில் ஆற்றோடு மேலே போய் ஆரிகன் என்ற ஊரில் பிளாக் ஹாக் பெயரால் அழைக்கப்படும் சிலையைப் பார்த்தபின் அந்தச் சொல்லைத் திருத்தத் தோன்றுகிறது. லோராடோ டாஃப்ட் 1911-ல் கான்கிரீட்டில் வார்த்தது, நாற்பத்தெட்டு அடி. போர்வையைப் போர்த்திக் கைகட்டி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. 1832 ஆகஸ்ட் 2 அன்று மிசிசிப்பியைத் திரும்பக் கடக்க முயன்ற அந்த மக்களைக் கரையிலிருந்து படையும், ஆற்றிலிருந்து நீராவிப் படகும் சுட்டுத் தள்ளின. பேட் ஆக்ஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். லிங்கன் அதற்கு முன்பே ஜூலை 10-ல் விடுவிக்கப்பட்டு வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார். பேட் ஆக்ஸுக்கு நான்காம் நாள் இங்கே சட்டமன்றத் தேர்தல்.

இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினோம். தயிர்சாதம் வைத்திருந்தாள் மகள்.

இரண்டாம் நாள், வெள்ளி: பீக்கின், ஹவானா, நியூ சேலம்

படையிலிருந்து விடுபட்ட முதல் இரவே லிங்கனின் குதிரை களவு போய்விட்டது. நடந்தும், ஓடத்திலும், மறுபடி நடந்தும் ஊர் வந்து சேர்ந்தார். பியோரியாவிலிருந்து இல்லினாய் ஆற்றில் ஓடம், ஹவானாவில் இறங்கி நியூ சேலத்துக்கு நடை. நாங்கள் அந்த வழியைக் காரில், பாட்டு கேட்டுக்கொண்டு, பீக்கினில் ஆரம்பித்தோம்.

பீக்கின் என்பது சீனத் தலைநகரின் பழைய பெயரேதான். இந்த ஊருக்கு நான் வந்த காரணம் 1843 மே 1. அன்று விக் கட்சியின் (லிங்கன் அப்போது இருந்த கட்சி, ஜனநாயகக் கட்சிக்கு எதிரணி) பேராளர்கள் இங்கே கூடி ஏழாம் தொகுதிக்கு வேட்பாளரை முடிவு செய்தார்கள். இல்லினாயில் அப்போது ஏழு தொகுதிகள். ஏழாவது ஒன்றுதான் விக் கட்சிக்கு உறுதியான இடம். ஆகையால் கட்சியின் வேட்பாளர் ஆகிவிட்டாலே பாதிக் கிணறு அல்ல, முழுக் கிணறும் தாண்டிய மாதிரி. (இன்னொன்று: இங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். எங்கள் தெரு நண்பர் நேற்றைய பகுதியைப் படித்துவிட்டு லிங்கன் எந்தக் காங்கிரஸ் என்று கேட்டிருந்தார்.)

மூன்று பேரும் மோதினார்கள். ஜாக்சன்வில்லின் ஹார்டின், பிளாக் ஹாக் போருக்குப் போனவர், மூன்று முறை சட்டமன்றம் பார்த்தவர், ஊர்ப்படையில் பெரிய பதவி வகித்தவர். ஸ்பிரிங்ஃபீல்டின் பேக்கர், லண்டனில் பிறந்தவர், மாநிலத்தின் இரண்டு சபைகளிலும் இருந்தவர், பேச்சில் புலி. பிறகு லிங்கன். சொந்த மாவட்டமே பேக்கருக்குத்தான் ஆதரவு என்று முடிவு செய்து, அந்த ஆதரவை எடுத்துச் செல்லும் பேராளர்களில் ஒருவராக லிங்கனையே நியமித்தது! நண்பர் ஸ்பீடுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. தன் காதலியைத் தட்டிக்கொண்டு போனவனுக்கே மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிறவன் நிலைமை தன்னுடையது என்று புலம்புகிறார்.

பீக்கினில் வென்றது ஹார்டின். அவர் பெயர் உறுதியானதும் லிங்கன் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: அடுத்த முறைக்குப் பேக்கரைப் பரிந்துரைக்கிறோம். 18-க்கு 14 என்று அது நிறைவேறியது. பார்வைக்குப் பேக்கருக்குச் செய்த உதவி. ஹார்டின் ஒரு முறை, பேக்கர் ஒரு முறை என்று ஆகிவிட்டால் அதற்கடுத்த முறை யாருடையது? சொல்ல வேண்டியதில்லை. தோற்றவன் கொண்டுவந்த தீர்மானத்தில் இவ்வளவு சாமர்த்தியத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தா பதவிக்கும் இப்படி முறை வைத்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே அது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

பீக்கினில் நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை, ஒரு காபி. வேறு எதுவும் எழுத இல்லை.

ஹவானாவில் ஆறு அகலமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் போகிறது. அங்கிருந்து தென்கிழக்கே மணல் நிலம். காரில் அரைமணிக்குச் சற்று மேல். இருபத்து மூன்று வயதுக்காரன் வெறுங்கையோடு, ஜூலை வெயிலில், குதிரையைப் பறிகொடுத்துவிட்டு இதே தரையில் நடந்திருக்கிறான். வீட்டுக்குப் போனதும் தேர்தல் பிரசாரம் செய்ய வேண்டும்.

நியூ சேலம் ஒரு குன்றின்மேல் இருந்த ஊர். லிங்கன் அங்கிருந்து போன சில வருடங்களில் ஊரே காலியாகிவிட்டது. இப்போது இருப்பவை 1930-களில் திருப்பிக் கட்டிய மர வீடுகள். மரப்பீப்பாய் செய்யும் தச்சர் ஆன்ஸ்டாட்டின் பட்டறை ஒன்றுதான் அசல். அதனுள் போய் நின்றேன். இடைவெளிகளில் களிமண் அப்பிய கட்டைச் சுவர். தச்சனின் வாய்ச்சி தின்ற தடம் கட்டையில் அலை அலையாக இருக்கிறது. விரலால் தடவினால் ஒவ்வொரு வெட்டும் தனியாகத் தெரியும். லிங்கன் ராத்திரியில் இந்தப் பட்டறைச் சிராய்களை எரித்து அந்த வெளிச்சத்தில் படித்தார் என்பார்கள். தெருவிளக்குக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

1832 ஆகஸ்ட் 6-ல் நடந்த தேர்தலில் பதின்மூன்று பேர் போட்டி, நான்கு இடங்கள். கேப்டன் லிங்கன் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் இந்தக் குன்றின் வாக்குச்சாவடியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போட்டார்கள், தெரிந்தவர்கள் போதவில்லை. வென்ற நான்கு பேரில் ஒருவர் மெதடிஸ்ட் பிரசங்கியார் பீட்டர் கார்ட்ரைட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மைல் தள்ளி பீட்டர்ஸ்பர்க். 1836-ல் இந்த ஊரின் தெருக்களை அளந்து கொடுத்த நில அளவையர் லிங்கன். பத்து வருடம் கழித்து, 1846 மே 1 அன்று இதே ஊரில் கூடிய கட்சி மாநாடு அவரை வேட்பாளராக அறிவித்தது. அதற்குள் நடந்தது சும்மா அல்ல. ஹார்டின் முறையை மறந்துவிட்டு மறுபடி நிற்க விரும்பினார். லிங்கன் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். ஹார்டின் திறமைசாலி, நல்லவர், என் நண்பர். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் என் வாதம் என்கிற தொனி. ஹார்டின் வேட்பாளர் தேர்வு முறையையே மாற்றலாம் என்று யோசனை சொன்னார். லிங்கன் மரியாதையாக மறுத்தார். பிப்ரவரியில் ஹார்டின் விலகிக்கொண்டார்.

மாநாடு முடிந்து பன்னிரண்டு நாளில் மெக்சிகோவின்மீது அமெரிக்கா போர் அறிவித்தது.

எதிரே ஜனநாயகக் கட்சி நிறுத்தியது நம் கார்ட்ரைட்டை. லிங்கனுக்குத் தெய்வ நம்பிக்கை இல்லை என்ற பேச்சு பரவியது. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 31 தேதியிட்டு ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்: நான் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினன் இல்லை என்பது உண்மை, ஆனால் வேதத்தின் உண்மையை ஒருநாளும் மறுத்ததில்லை. முடிவு: லிங்கன் 6,340, கார்ட்ரைட் 4,829. செலவுக்கென்று நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த 200 டாலரில் 199 டாலர் 25 சென்ட்டைத் திருப்பிக் கொடுத்தார், எழுபத்தைந்து சென்ட் மட்டும் பண்ணையாட்களுக்கு ஆப்பிள் சாறு வாங்கிக் கொடுத்ததில் போயிற்று என்று ஸ்பீடு சொல்லியிருக்கிறார். தேர்தல் பணி பார்த்தவன் என்ற முறையில் நான் இதை நம்பவில்லை. நண்பர்கள் சொல்லும் கணக்கு எப்போதும் இப்படித்தான் அழகாக இருக்கும்.

மூன்றாம் நாள், சனி: ஸ்பிரிங்ஃபீல்ட்

இரவு தங்கிய விடுதியில் வெந்நீர் வரவில்லை. வரவேற்பில் இருந்த பையன் மன்னிப்புக் கேட்டு இரண்டு வாழைப்பழம் கொடுத்தான். குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு வாழைப்பழத்தோடு கிளம்பினேன்.

எட்டாம் தெருவும் ஜாக்சன் தெருவும் சேரும் மூலையில் லிங்கன் வீடு. 1844-ல் வாங்கியது. பார்க்கக் கட்டணம் இல்லை, நேரம் போட்ட டிக்கெட் மட்டும் தருகிறார்கள். எதையும் தொடாதீர்கள் என்று எல்லா அறையிலும் சொல்லிக்கொண்டு வந்த காவலர், மாடிப்படிக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னார். அது லிங்கன் காலத்துக் கைப்பிடியாம். பிடித்தேன். மரம் குளுமையாக, வழவழவென்று இருந்தது. முன்னால் போன அம்மாள் படி ஏறி முடித்தபிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

இந்த வீட்டில் ஒரு குழந்தை இறந்தது. 1846 மார்ச்சில் பிறந்து 1850 பிப்ரவரியில், நான்கு வயதுகூட நிறையாமல் போனவன். பெயர் எட்வர்ட் பேக்கர் லிங்கன். பீக்கினில் தன்னை மாப்பிள்ளைத் தோழனாக்கிய ஆளின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார். பொறாமை இருந்தது, புலம்பலும் இருந்தது, பெயரையும் வைத்தார். ஒரு சமயம் லிங்கனின் அலுவலகத்துக்குக் கீழே இருந்த நீதிமன்ற அறையில் பேக்கர் பேச, கூட்டம் கொதித்து அவரை இழுத்துப் போட எழுந்ததாம். மேலே தளத்தில் இருந்த பொறிக்கதவு திறந்து முதலில் இரண்டு நீளக் கால்கள் தொங்கின, பிறகு லிங்கன் முழுதாக இறங்கினார். பேச்சுரிமை பற்றி நாலு வார்த்தை சொல்லிக் கூட்டத்தை உட்கார வைத்தார் என்று கதை. அந்தக் கால்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

பேக்கர் தன் முறைப்படி 1844-ல் வென்று வாஷிங்டன் போனார். மெக்சிகோ போர் வந்ததும் ஊருக்கு வந்து நான்காம் இல்லினாய் ரெஜிமென்டைத் திரட்டிக் கர்னல் ஆகிவிட்டார். 1846 டிசம்பரில் அந்த ராணுவ உடையோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து படையாட்களின் வசதிக்காகப் பேசிவிட்டு, பதவியை ராஜினாமா செய்து போர்க்களம் திரும்பினார். நாடகம் என்று சொல்லலாம். ஆனால் நாடகம் ஆடியவர் களத்துக்கும் போனார்.

அந்த ரெஜிமென்டைத் தேடித்தான் மதியம் இல்லினாய் ராணுவ அருங்காட்சியகம் போனோம். உள்ளே மரமும் தோலுமாக ஒரு செயற்கைக் கால். மெக்சிகோவின் தளபதி சாந்தா அன்னாவுடையது. 1838-ல் வெராகுரூஸில் பிரெஞ்சுக்காரர்களின் குண்டுக்கு அசல் காலைப் பறிகொடுத்தவர். 1847 ஏப்ரலில் செர்ரோ கோர்தோ சண்டையில், நான்காம் இல்லினாய் ஆட்கள் பாய்ந்து வந்தபோது உணவையும் காலையும் விட்டுவிட்டு ஓடினார். வறுத்த கோழியைப் படையாட்கள் தின்றுவிட்டார்கள், காலை இல்லினாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மெக்சிகோ திருப்பிக் கேட்டும் இவர்கள் கொடுக்கவில்லை. நான் சற்றுக் கூச்சத்தோடுதான் பார்த்தேன். கோப்பையைப் பார்க்கலாம், வாளைப் பார்க்கலாம். ஒருவன் காலையில் எழுந்து கட்டிக்கொண்ட காலைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதில் என்னவோ சரியில்லை. மாப்பிள்ளை மூன்று படம் எடுத்தார்.

அந்த ரெஜிமென்டின் மேஜர் தாமஸ் ஹாரிஸ், பீட்டர்ஸ்பர்க்காரர், ஜனநாயகக் கட்சி. அவர் படையோடு போயிருக்கும்போதே 1846-ல் இங்கே மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேட்பாளர் ஊரில் இல்லை, பிரசாரம் இல்லை. போருக்குப் போயிருக்கிறார் என்பதே பிரசாரம். 1848-ல் அவர் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது எதிரே விக் கட்சியின் முறைப்படி வந்தவர் ஸ்டீபன் லோகன், லிங்கனின் பழைய தொழில் கூட்டாளி, நல்ல வழக்கறிஞர், படைப் பட்டம் ஏதும் அற்றவர். கோட்டை போன்ற தொகுதி 106 வாக்கில் விழுந்தது.

அந்தத் தோல்விக்கு லிங்கனும் ஒரு காரணம் என்று அப்போதே சொன்னார்கள். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்த சில நாளிலேயே, 1847 டிசம்பர் 22-ல் எழுந்து, அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தியதாக ஜனாதிபதி போல்க் சொல்கிறாரே, எந்த இடம் அது, காட்டட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஊர்ப் பையன்கள் மெக்சிகோவில் செத்துக்கொண்டிருந்த காலம். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அந்த ‘இடம்’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தன.

1848 ஜூலை 27-ல் அவர் பேசிய பேச்சு இன்னொரு ரகம். ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் லூயிஸ் காஸ் பழைய ஜெனரல். அவரை மாவீரனாக்கிக் கட்சி பிரசாரம் செய்தது. லிங்கன் எழுந்தார். சபாநாயகர் அவர்களே, நானும் போர்வீரன்தான், தெரியுமா? காஸ் காட்டுப் பழம் பறிப்பதில் என்னை முந்தியிருக்கலாம், காட்டு வெங்காயத்தின்மீது நான் நடத்திய தாக்குதலில் அவரை நான் முந்திவிட்டேன். கொசுக்களோடு ரத்தம் சிந்தப் பல போர் புரிந்திருக்கிறேன். ரத்தம் இழந்து மயங்கி விழுந்ததில்லை, ஆனால் பல நாள் பசித்திருந்தேன். இந்தப் போக்கில் சபையைச் சிரிக்க வைத்தார். என்னை ஜனாதிபதி வேட்பாளராக்கினால் தயவுசெய்து மாவீரனாக எழுதிக் கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று முடித்தார்.

பிரமாதமான பேச்சு. ஆனால் அந்த வருடம் அவர் யாருக்காக ஓட்டுக் கேட்டார்? சக்கரி டெய்லருக்கு. அதற்குமுன் எந்தத் தேர்தலிலும் நின்றிராத, முழுக்க முழுக்க ஜெனரல் என்பதற்காகவே நிறுத்தப்பட்ட வேட்பாளர். மெக்சிகோ போர் அநியாயமானது என்று தீர்மானத்துக்கு வாக்களித்த கட்சி, அந்தப் போரின் தளபதியையே நிறுத்தி ஜெயித்தது. கொசுக்கடிக் கேப்டன் இதைப் பற்றி நகைச்சுவை ஏதும் சொன்னதாக நான் படிக்கவில்லை.

இரவு உணவுக்கு இந்த ஊரின் ‘குதிரை லாடம்’. ரொட்டி, அதன்மேல் இறைச்சி, அதன்மேல் உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றின் மேலும் பாலாடைக்கட்டிக் குழம்பு. இறைச்சி வேண்டாம் என்றேன். பரிமாறிய பெண் என்னை அனுதாபத்தோடு பார்த்தாள். பாதிகூடச் சாப்பிட முடியவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு: ஜாக்சன்வில், ஆல்டன்

ஹார்டினுக்காக ஒரு நாள். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து மேற்கே முப்பத்தைந்து மைல் ஜாக்சன்வில். ஞாயிறு காலை, தேவாலய மணி, தெருவில் ஆள் இல்லை. கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஹார்டின் கிடக்கிறார். வழி கேட்க யாருமில்லாமல் முக்கால் மணி நேரம் சுற்றினோம். மூக்குக் கண்ணாடியை காரில் விட்டுவிட்டேன். கண்ணில் பட்ட பெயரையெல்லாம் மாப்பிள்ளைதான் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

1846 பிப்ரவரியில் போட்டியிலிருந்து விலகியவர், மே மாதம் போர் வந்ததும் முதல் இல்லினாய் ரெஜிமென்டின் கர்னல் ஆனார். லிங்கன் தேர்தலில் வென்ற ஆகஸ்டில் ஹார்டின் தெற்கே படையோடு போய்க்கொண்டிருந்தார். 1847 பிப்ரவரி 23, புவெனா விஸ்டா. பெரிய எதிரிப் படைமீது தன் ஆட்களோடு பாய்ந்தார், திரும்பவில்லை. வயது முப்பத்தேழு. ஜூலையில் உடல் இந்த ஊருக்கு வந்தது. அந்த டிசம்பரில் லிங்கன் வாஷிங்டனில் போய் உட்கார்ந்தார், போர் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று கேட்பதற்கு.

போட்டியை விட்டுக்கொடுக்காமல் ஹார்டினே நின்றிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை சரியாகச் சொன்னார்: “பேக்கர் பதவியில் இருந்துகொண்டே போருக்குப் போனாரே மாமா, இவரும் போயிருப்பார்.” உண்மைதான். பேக்கரும் தப்பவில்லை. பிறகு மேற்கே போய் ஆரிகன் மாநிலத்தின் செனட்டர் ஆனார். 1861-ல் லிங்கன் பதவியேற்ற மேடையில் அவரைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தியது பேக்கர்தான். அதே வருடம் அக்டோபர் 21-ல் பால்ஸ் பிளஃப் சண்டையில் குண்டுபட்டு இறந்தார். பதவியில் இருக்கும்போதே போர்க்களத்தில் இறந்த ஒரே அமெரிக்க செனட்டர்.

மதியத்துக்குமேல் ஆல்டன். மிசிசிப்பி இங்கே ஏரிபோல விரிந்து கிடக்கிறது. 1842 செப்டம்பர் 22 அன்று இந்தக் கரையிலிருந்து எதிரே மிசௌரி பக்கம் படகில் போனார் லிங்கன், வாள் சண்டைக்கு. மாநிலக் கணக்கு அதிகாரி ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், அவரும் சட்டமன்றம் பார்த்தவர், பின்னாளில் ஜெனரல், மூன்று வெவ்வேறு மாநிலங்களின் செனட்டர். அரசு வங்கியின் நோட்டை அரசே வரிக்கு வாங்காது என்று அவர் அறிவிக்க, ரெபெக்கா என்ற பட்டிக்காட்டு விதவை எழுதுவதுபோலப் பத்திரிகையில் லிங்கன் கிண்டல் கடிதம் எழுதினார். ஷீல்ட்ஸ் சண்டைக்கு அழைத்தார். ஆயுதம் தேர்வது அழைக்கப்பட்டவர் உரிமை. லிங்கன் பெரிய குதிரைப்படை வாளைக் கேட்டார். இருவருக்கும் நடுவில் பத்தடி நீளப் பலகையை விளிம்பில் நிற்கும்படி தரையில் பதிக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது என்றும் நிபந்தனை. ஆறடி நான்கங்குலக்காரனுக்கு வசதியான நிபந்தனை. இல்லினாயில் இந்தச் சண்டை குற்றம் என்பதால்தான் எதிர்க்கரை.

சண்டை நடக்கவில்லை. நண்பர்கள் இருவர் விரைந்து வந்து சமாதானம் பேசினார்கள். அவர்களில் ஒருவர் ஜான் ஹார்டின். மறு மே மாதம் பீக்கினில் லிங்கனைத் தோற்கடிக்கப் போகிறவர்.

திரும்பி வந்த படகில் ஒரு மரக்கட்டைக்குச் சிவப்புத் துணி போர்த்திப் படுக்கவைத்து, கரையில் நின்ற கூட்டத்தை அலற விட்டார்கள் என்று சொல்கிறார்கள். 1846 கோடையில் இல்லினாய் ரெஜிமென்டுகள் மெக்சிகோவுக்குத் திரண்டதும் இதே ஆல்டனில்தான். இதே கரையிலிருந்து ஹார்டினின் ஆட்கள் நீராவிப் படகு ஏறினார்கள்.

ஊர்ச் சதுக்கத்தில் லிங்கனும், செனட் இடத்துக்கு அவரோடு மோதிய ஜனநாயகக் கட்சியின் டக்ளஸும் வெண்கலத்தில் நிற்கிறார்கள், 1858-ல் இங்கே நடந்த கடைசி விவாதத்துக்காக. பள்ளிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆற்றோரம் போனோம். மஞ்சள் வடங்கள் தொங்கும் கிளார்க் பாலத்துக்குக் கீழே, ஒன்றோடொன்று கட்டிய தட்டைப் படகுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு இழுவைப் படகு தெற்கே வந்தது.

“ஹார்டின் எந்தப் பக்கமிருந்து வந்திருப்பார் மாமா?” என்றார் மாப்பிள்ளை.

நான் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. பத்து நிமிடம் போல ஆயிற்று. கடைசிப் படகு தாண்டியபின் கிளம்பிப் பாலத்தில் ஏறினோம், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதற்கு.